வரிசைக்கு வெளியே நின்றவர்கள்: கிரேக்கப் போர் வரலாறும் அதை எழுதியவர்களும்

அமெரிக்கச் செவ்வியல் அறிஞர் விக்டர் டேவிஸ் ஹான்சன் 1989ஆம் ஆண்டில் 'மேற்கத்தியப் போர்முறை' எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். பண்டைய கிரேக்கக் காலாட்படை வீரன் களத்தில் எதைக் கண்டான், எவ்வளவு எடையைச் சுமந்தான், எவ்வாறு மடிந்தான் என்பவற்றை அந்நூல் விவரிக்கிறது. அவ்விவரணையின் மீது ஒரு பெருங்கோட்பாடும் எழுப்பப்பட்டுள்ளது. பட்டப்பகலில், சமவெளியில், இரு தரப்பும் நேருக்கு நேர் நின்று ஒரே மோதலில் முடிவு காணும் போரைக் கிரேக்கர்களே உருவாக்கினார்கள். அதுவே மேற்குலகின் மரபாக இன்றளவும் தொடர்கிறது. தொலைவிலிருந்து தாக்கி விலகுவதையும் பதுங்கித் தாக்குவதையும் மேற்குலகு இழிவாகக் கருதுவதும் அங்கிருந்து வந்ததே என்பது அக்கோட்பாட்டின் சாரம்.

அந்நூலுக்கு அறிமுகவுரை வழங்கிய பிரித்தானியப் போர் வரலாற்றாசிரியர் ஜான் கீகன் இக்கருத்தை மேலும் நீட்டினார். 1993இல் வெளிவந்த தமது போர் வரலாற்று நூலில், மோதலைத் தவிர்த்தல், காலம் கடத்துதல், மறைமுகமாகத் தாக்குதல் ஆகியவற்றைக் கீழைத்தேயப் போர்முறையின் தனி இயல்புகளாக அவர் வகுத்தார். 2001 அக்டோபரில் லண்டன் நாளிதழ் ஒன்றில் எழுதியபோது, மேற்கத்தியர் நேர்நின்று போரிடுவோர் என்றும் கீழைத்தேயத்தவர் பதுங்கலையும் வஞ்சகத்தையும் நாடுவோர் என்றும் பிரித்து, அரபுகளின் பாலைவன மூதாதையரையும் அதற்குள் இழுத்து வந்தார்.

ஒரு போர்த்தந்திரம் பற்றிய கருத்து இவ்வாறு இனங்களின் குணம் பற்றிய தீர்ப்பாக மாறும்போது, அதன் அடித்தளத்தைச் சோதித்தறிவது கற்றோரின் கடமையாகிறது. இதற்கு மறுமொழியாகக் கீழைத்தேயத்தவரின் வீரச் செயல்களைப் பட்டியலிடுவது எளிது. ஆயினும் அது ஆய்வாகாது. கட்டடம் கிரேக்க மண்ணில் எழுப்பப்பட்டிருக்கிறது. ஆகவே கிரேக்க மண்ணையே நாம் தோண்டிப் பார்க்க வேண்டும். கிரேக்க ஆசிரியர்களே எழுதி வைத்தவற்றில், வரிசைக்கு வெளியே நின்று எறியீட்டியும் கவணும் வில்லும் கொண்டு போரிட்டவர்களுக்கு என்ன இடம் அளிக்கப்பட்டுள்ளது என்பதே இக்கட்டுரையின் வினா.

எண்ணிக்கையில் உண்டு, வரலாற்றில் இல்லை

கிரேக்க நகர அரசுகளின் கனரகக் காலாள் 'ஹாப்லைட்' எனப்பட்டான். ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டக் கேடயம், நீண்ட குத்தீட்டி, வெண்கலத் தலைக்கவசம், மார்புக்கவசம், காற்கவசம் ஆகியவை அவனுடைய ஆயுதங்கள். இவற்றை அவன் பொதுவாகத் தன் சொந்தச் செலவிலேயே வாங்க வேண்டும். ஆகவே ஹாப்லைட் என்ற சொல் ஒரு படைப்பிரிவை மட்டுமின்றி, நிலமும் வசதியும் உள்ள ஒரு வகுப்பாரையும் குறித்தது. இவர்கள் தோளோடு தோள் நின்று அமைத்த நெருக்கமான அணியே 'ஃபாலங்க்ஸ்'.

இவ்வளவு செலவிட இயலாதவன் போருக்குச் செல்லாமல் இருந்தானா? இல்லை. அவன் கல்லையோ கவணையோ எறியீட்டியையோ எடுத்துச் சென்றான். கவசமற்றவன் என்ற பொருளில் கிரேக்கர் அவனை 'ஸிலோஸ்' என்றனர். இவ்விரு பிரிவுகளுக்கும் இடைப்பட்டவன் 'பெல்டாஸ்ட்'. வடக்கே திரேஸ் நாட்டில் வழங்கிய 'பெல்டே' என்னும் இலேசான சிறு கேடயத்தை ஏந்தியதால் அவனுக்கு அப்பெயர். ஓடிச்சென்று ஈட்டி எறிவான். எதிரி நெருங்கினால் விலகுவான். எதிரி திரும்பினால் மீண்டும் வருவான். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஏலியன் கிரேக்க மொழியில் எழுதிய போர்த்தந்திர நூல் இம்மூன்று வகையினரையும் ஒழுங்காக வகுத்துரைக்கிறது. அந்நூலின் அரபு வடிவம், 14ஆம் நூற்றாண்டில் அல்-அக்ஸராயீ தொகுத்த 'நிஹாயத்துஸ் ஸுஃல்' என்னும் போர்க்கலை நூலில் இடம்பெற்றிருப்பது அரபு பயில்வோர் அறிய வேண்டிய செய்தி. கிரேக்கப் படை என்றால் ஹாப்லைட் மட்டுமே என்ற எண்ணம் அதை ஓதிய மம்லூக் காலத்து மாணவருக்கு எழுந்திருக்க வாய்ப்பில்லை.

இப்பொழுது எண்ணிக்கையைப் பார்ப்போம். கி.மு. 479இல் பாரசீகருக்கு எதிராக பிளாட்டீயாவில் நடந்த போரில் கிரேக்கத் தரப்பில் 38,700 ஹாப்லைட்டுகளும் 69,500 இலேசாயுதத்தாரும் இருந்தனர் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். ஸ்பார்ட்டர் 5,000 பேர். அவர்கள் ஒவ்வொருவருடனும் ஹெலாட் என்னும் அடிமைக் குடியினர் எழுவர் வந்தனர். ஆக அவர்கள் மட்டுமே 35,000 பேர். இவ்வெண்கள் மிகையாகவும் இருக்கலாம். எனினும் அவர் கொடுத்த கணக்கின்படியே வரிசையில் நின்றவர்களைவிட வெளியே நின்றவர்கள் மிகுதி.

ஆனால் போர் வருணனைக்குள் நுழைந்ததும் அந்த 69,500 பேரும் ஏறக்குறைய மறைந்துவிடுகின்றனர். வெற்றிக்குப்பின் மடிந்தவர் தொகை கூறப்படுகிறது: ஸ்பார்ட்டர் 91, தேகியர் 16, ஏதென்ஸார் 52. ஹெலாட்டுகளில் எத்தனை பேர் மாண்டனர் என்ற எண் இல்லை. அவர்கள் மாண்டனர் என்பதற்கோ அதே நூலில் சான்று உண்டு. ஸ்பார்ட்டர் எழுப்பிய அடக்கத்தலங்களில் ஒன்று ஹெலாட்டுகளுக்கு உரியது. கல்லறை உண்டு, கணக்கு இல்லை. போர் உச்சத்தை எட்டியபோது ஸ்பார்ட்டத் தளபதி பௌசானியாஸ் ஏதென்ஸாரிடம் ஆளனுப்பி, வர இயலாவிட்டால் வில்லாளரையாவது அனுப்புங்கள் என்று கேட்டதையும் ஹெரோடோட்டஸ் பதிவு செய்கிறார். இழிவாகக் கருதப்பட்ட ஆயுதத்தை, நேர்மோதலின் இலக்கணமாகப் போற்றப்பட்டவர்களே இடுக்கண் வந்தபோது நாடினார்கள்.

தோல்வி கற்பித்த பாடம்

பெலொப்பனீசியப் போர் (கி.மு. 431-404) இந்த மௌனத்தை உடைத்தது. அதற்கு இலேசாயுதத்தாரின் வீரத்தைவிட ஹாப்லைட்டுகளின் தோல்வியே காரணம் எனலாம்.

கி.மு. 426இல் ஏதென்ஸ் தளபதி டெமாஸ்தெனீஸ் மலைநாடாகிய ஏட்டோலியாவுக்குள் நுழைந்தார். எறியீட்டியாளர் துணைக்கு வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. குன்றுகளிலிருந்து இறங்கி வந்த ஏட்டோலியர் ஈட்டிகளை எறிந்தனர், ஏதென்ஸார் முன்னேறினால் பின்வாங்கினர், பின்வாங்கினால் தொடர்ந்தனர். வில்லாளரின் அம்புகள் உள்ளவரை ஏதென்ஸ் படை தாக்குப்பிடித்தது. வில்லாளரின் தலைவன் வீழ்ந்ததும் எல்லாம் சரிந்தது. ஏதென்ஸின் 300 ஹாப்லைட்டுகளில் 120 பேர் மாண்டனர். அப்போரில் ஏதென்ஸ் இழந்த மிகச் சிறந்த ஆடவர் இவர்களே என்று தூசிடிடீஸ் துயருறுகிறார். சிறந்தோர் என்ற அச்சொல்லின் அளவுகோல் எது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

டெமாஸ்தெனீஸ் பாடம் கற்றார். அடுத்த ஆண்டே ஸ்பாக்டீரியா தீவில் 420 ஹாப்லைட்டுகள் கொண்ட ஸ்பார்ட்டப் படையைச் சூழ்ந்தபோது, 800 வில்லாளரையும் அதற்குக் குறையாத பெல்டாஸ்டுகளையும் அவர் தரப்பு இறக்கியது. அவர்கள் எல்லா மேடுகளையும் பிடித்துக்கொண்டு, ஸ்பார்ட்டர் எத்திசை திரும்பினாலும் முதுகில் தாக்கினர். இறுதியில் 292 பேர் சரணடைந்தனர்; அவர்களில் சுமார் 120 பேர் முழுக் குடியுரிமை பெற்ற ஸ்பார்ட்டர். கிரேக்க உலகமே திகைத்தது.

இந்நிகழ்ச்சியை ஒட்டித் தூசிடிடீஸ் ஓர் உரையாடலைத் தருகிறார். உங்களில் மாண்டவர்கள்தாம் மெய்யான வீரர்களோ என்று ஒருவன் சிறைப்பட்ட ஸ்பார்ட்டனைக் குத்திக் கேட்கிறான். வீரனையும் கோழையையும் பிரித்தறியக்கூடிய அம்பு இருந்தால் அதன் விலை பெரிதாயிற்றே என்ற கருத்தில் அவன் விடையளிக்கிறான். அம்பைக் குறிக்க அவன் ஆண்ட சொல், நூல் நூற்கும் கதிரையும் குறிப்பது; பெண்டிர் கைக்கருவியின் பெயரால் அம்பை அவன் இகழ்ந்தான் என்று உரையாசிரியர்கள் விளக்குவர். தோற்றவனிடமும் அவனுடைய மதிப்பளவுகோல் தோற்கவில்லை. அம்பு உயிரைப் பறித்தது; ஆயினும் அது மரியாதைக்குரிய ஆயுதமாக ஏற்கப்படவில்லை.

ஸெனோஃபோனுக்கும் இப்பாடம் நேரடியாகக் கிடைத்தது. கி.மு. 401இல் பாரசீக இளவரசன் சைரஸுக்காகக் கூலிக்குச் சென்ற கிரேக்கப் படை, இளவரசன் மாண்டபின் அந்நிய மண்ணில் தனித்து நின்றது. பாரசீகக் குதிரைவீரரும் கவணாளரும் பின்னாலிருந்து தாக்க, ஸெனோஃபோன் ஹாப்லைட்டுகளையும் பெல்டாஸ்டுகளையும் கூட்டிக்கொண்டு துரத்தினார். ஒருவரையும் பிடிக்க இயலவில்லை. துரத்திய தூரமெல்லாம் அடிபட்டுக்கொண்டே திரும்ப நேர்ந்தது. அன்று முழுதும் படை கடந்த தொலைவு 25 ஸ்டேடியம், அதாவது நான்கைந்து கிலோமீட்டர். மற்றத் தளபதிகள் குறை கூறியபோது, அவர்கள் கூறுவது சரியே என்று ஒப்புக்கொண்டதாக அவரே எழுதுகிறார். அவருடைய யோசனைப்படி படையிலிருந்த ரோட்ஸ் தீவினரிலிருந்து 200 கவணாளரும், சுமை விலங்குகளிலிருந்து பிரித்தெடுத்த குதிரைகளைக் கொண்டு 50 குதிரைவீரரும் மறுநாளே உருவாயினர். ரோட்ஸ் தீவினரின் ஈயக் குண்டுகள் பாரசீகக் கற்களைவிட இரட்டிப்புத் தூரம் சென்றன. படைச் சீர்திருத்தம் என்பது நடைமுறையில் எப்படி நிகழ்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிரேக்க இலக்கியத்தில் அரிது: எதிரியிடமிருந்து கற்றல், இகழ்ந்து ஒதுக்கிய திறமையைத் தேடிப் பிடித்தல், இரண்டையும் காலம் தாழ்த்தாமல் செய்தல்.

லெக்கையம்: ஒரு வாசிப்பு

கி.மு. 390இல் கொரிந்து நகருக்கு அருகிலுள்ள லெக்கையம் துறைமுகத்தின் பக்கம் நிகழ்ந்ததே இவ்விஷயத்தில் மிகப் புகழ்பெற்றது. அதை நமக்கு விரிவாகச் சொல்பவரும் ஸெனோஃபோனே. அவர் ஏதென்ஸில் பிறந்தவர்; ஆனால் ஸ்பார்ட்ட மன்னன் அகெசிலாவுஸின் நண்பர்; கி.மு. 394இல் கொரோனீயாவில் அவன் பக்கம் நின்றவர். நாடு கடத்தப்பட்ட பின் ஸ்பார்ட்டா அளித்த நிலத்தில் வாழ்ந்தவர். ஒரு செய்தியை ஏற்குமுன் அறிவிப்பாளரின் நிலையை ஆராய்வது நம் மத்ரஸாக்களில் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படும் ஒழுங்கு. அவ்வொழுங்கு இங்கும் பயன்படுகிறது.

அவர் தரும் நிகழ்ச்சி இது. அமிக்ளே ஊரைச் சேர்ந்த வீரர்கள் ஹயாகிந்தியா திருவிழாவுக்காக ஊர் திரும்பினர். அவர்களைப் பாதுகாப்பாக வழியனுப்பச் சென்ற 'மோரா' எனப்படும் ஸ்பார்ட்டப் படைப்பிரிவு, ஏறத்தாழ 600 ஹாப்லைட்டுகள், குதிரைப்படையை முன்னே போகவிட்டுவிட்டுத் தனியே லெக்கையம் நோக்கித் திரும்பியது. கொரிந்து மதிலுக்குள் ஏதென்ஸ் ஹாப்லைட்டுகளுக்குக் காலியாஸும் பெல்டாஸ்டுகளுக்கு இஃபிகிராட்டீஸும் தலைமை தாங்கினர். குதிரைப்படையும் பெல்டாஸ்டுகளும் துணையில்லாமல் ஸ்பார்ட்டர் செல்வதை இருவரும் கண்டனர்.

பெல்டாஸ்டுகள் கேடயமில்லாத பக்கத்திலிருந்து ஈட்டி எறிந்தனர். காயமுற்றோரைத் துறைமுகத்துக்குத் தூக்கிச் செல்லுமாறு ஸ்பார்ட்டத் தளபதி கேடயம் சுமப்போருக்கு ஆணையிட்டான். மெய்யாகத் தப்பியவர்கள் இவர்களே என்று ஸெனோஃபோன் கசப்புடன் குறிப்பிடுகிறார். பின்னர் இளம் வயதினர் துரத்த ஏவப்பட்டனர். கனமான ஆயுதத்துடன் ஓடிய அவர்கள் யாரையும் எட்டவில்லை. சிதறித் திரும்புகையில் ஈட்டிகள் பாய்ந்தன. மேலும் சில வயதுப் பிரிவினர் ஏவப்பட்டனர். முன்னிலும் அதிகமானோர் வீழ்ந்தனர். குதிரைப்படை வந்து சேர்ந்தது. அதுவும் தனித்து விரைந்து துரத்தாமல் ஹாப்லைட்டுகளுக்கு இணையாகவே ஓடித் திரும்பியது. கடைசியில் கடலுக்கு அருகிலுள்ள ஒரு சிறு குன்றில் ஒதுங்கினர். ஏதென்ஸ் ஹாப்லைட்டுகள் நெருங்கியதும் வரிசை உடைந்தது. சிலர் கடலில் பாய்ந்தனர்.

கி.மு. 401இல் தாம் இழைத்த அதே பிழையை இன்னொரு தளபதி இழைப்பதை ஸெனோஃபோன் விவரிக்கிறார். ஆகவேதான் இப்பகுதி இவ்வளவு துல்லியமாக இருக்கிறது. எனினும் மூன்று இடங்களில் நாம் நிற்க வேண்டியுள்ளது.

முதலாவது, சொல்லும் வரிசை. சண்டையைச் சொல்வதற்கு முன்பே அதன் செய்தி அகெசிலாவுஸை அடைந்ததையும் ஸ்பார்ட்டப் பாசறையின் துயரத்தையும் அவர் சொல்லிவிடுகிறார். மாண்டவர்களின் தந்தையரும் மைந்தரும் சகோதரரும் வெற்றியாளரைப் போல் பெருமிதத்துடன் உலவினர் என்கிறார். வாசகன் முதலில் இழந்தவர்களின் மரியாதையைக் காண்கிறான். பிறகுதான் ஈட்டி எறிந்தவர்களின் திறமையைக் காண்கிறான்.

இரண்டாவது, எண்கள். மொத்தம் சுமார் 600 பேர் எனவும் எல்லா மோதல்களிலும் ஓட்டத்திலும் சேர்த்து சுமார் 250 பேர் மாண்டனர் எனவும் கூறுகிறார். அதே மூச்சில், குதிரைவீரருடன் சிலரே தப்பி லெக்கையம் சேர்ந்தனர் என்கிறார். எஞ்சிய முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் எங்கே? காயமுற்றுத் தூக்கிச் செல்லப்பட்டோரைக் கழித்தாலும் கணக்கு நேராகவில்லை. இழப்பைக் குறைத்துக் காட்டினாரா, அல்லது வரலாற்றில் எண்களுக்கு நேரும் வழக்கமான கதிதானா என்பது திறந்த வினாவே.

மூன்றாவது, வென்றவர்கள். காலியாஸும் இஃபிகிராட்டீஸும் பெயர் சுட்டப்படுகின்றனர். ஆனால் அன்று களத்தை முடிவு செய்த பெல்டாஸ்டுகள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் மாண்டனர், எந்நாட்டினர் என்ற விவரம் அவ்வருணனையில் இல்லை. பிளாட்டீயாவின் கல்லறையை இது நினைவூட்டுகிறது.

இன்னொன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்நிகழ்ச்சிக்குச் சற்று முன்புதான், பெல்டாஸ்டுகளுக்கு அஞ்சிய தங்கள் கூட்டாளிகளை, பூச்சாண்டிக்கு அஞ்சும் குழந்தைகள் என்று ஸ்பார்ட்டர் கேலி செய்தனர் என அதே நூல் கூறுகிறது. தோல்விக்குப்பின் அகெசிலாவுஸ் ஊர்களுக்குள் இருட்டியபின் நுழைந்து விடியுமுன் வெளியேறினான். அக்கூட்டாளிகளான மாண்டினியர் தன் வீரர்களின் துயரில் மகிழ்வதைக் காண நேருமோ என்று அவர்கள் ஊரை இருளிலேயே கடந்தான். இவ்விரு செய்திகளையும் மறைக்காமல் எழுதியது ஸெனோஃபோனின் நேர்மை. சாய்வுள்ள அறிவிப்பாளரும் உண்மையைச் சொல்லக்கூடும். அதைப் பிரித்தறிவதே வாசிப்போரின் பொறுப்பு.

ஒருவர் பெயரில் ஒரு சீர்திருத்தம்

லெக்கையத்தின் நாயகரான இஃபிகிராட்டீஸ், செருப்புத் தைப்பவரின் மகன் என்று பிற்கால மரபு கூறும். அவர் பெயரில் ஒரு முழுப் படைச் சீர்திருத்தமே வழங்கி வருகிறது. அதற்குச் சான்று கூறுவோர் இருவர்: சிசிலியைச் சேர்ந்த டயோடோரஸ், ரோமானியரான கொர்னேலியஸ் நேபோஸ். இருவரும் கி.மு. முதல் நூற்றாண்டினர், அதாவது நிகழ்ச்சிக்கு முந்நூறு ஆண்டுகள் பிந்தியவர்கள்.

பெருங்கேடயத்தை நீக்கிச் சிறு பெல்டேயைக் கொடுத்தார், ஈட்டியை நீட்டினார், வாளையும் நீட்டினார் என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர். ஈட்டி ஒன்றரை மடங்காயிற்று என்கிறார் டயோடோரஸ். இரட்டிப்பாயிற்று என்கிறார் நேபோஸ். உலோக மார்புக்கவசத்துக்குப் பதிலாகச் சணல்துணிக் கவசம் தந்தார் என்பது நேபோஸின் கூற்று. இலேசான புதுக் காலணியைப் புகுத்தினார், அது அவர் பெயராலேயே வழங்கியது என்பது டயோடோரஸின் கூற்று. இவையெல்லாம் சிறு வேறுபாடுகள்.

பெரிய இடர்ப்பாடு வேறு. முன்பு ஹாப்லைட் எனப்பட்டோர் இம்மாற்றத்துக்குப்பின் பெல்டாஸ்ட் எனப் பெயர் பெற்றனர் என்று இவர்கள் கூறுகின்றனர். ஆனால் கி.மு. 425ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்கே தூசிடிடீஸ் அச்சொல்லை ஆள்கிறார். இஃபிகிராட்டீஸ் புகழ் பெறுமுன்பே தூசிடிடீஸ் மறைந்துவிட்டார். சொல் முந்தியது என்றால், அச்சொல்லை இவர் உண்டாக்கினார் என்ற செய்தி நிற்காது. மேலும் இஃபிகிராட்டீஸின் சமகாலத்தவரும், கி.மு. 372இல் கொர்சீரா தீவுக்குச் செல்லும் வழியில் அவர் படையைப் பயிற்றுவித்த முறையை வியந்து எழுதியவருமான ஸெனோஃபோன், ஆயுத மாற்றம் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிந்திய இருவர் கூற, அருகிலிருந்த ஒருவர் மௌனம் சாதித்தால், எப்பக்கம் சாய்வது என்பது செய்தித் திறனாய்வில் பழகியவருக்குக் கடினமான வினாவன்று.

இதனால் அச்செய்தி முழுதும் புனைவு என்று நாம் கூறவில்லை. கூலிப்படையில் ஒரு பகுதியினருக்கு நீண்ட ஈட்டியும் இலேசான கவசமும் அவர் தந்திருக்கலாம். பின்னாளில் மாசிடோனிய மன்னன் பிலிப்பு புகுத்திய நெடிய ஈட்டிக்கு இதுவே முன்னோடி என்று கருதுவோரும் உண்டு. திரேஸிய பெல்டாஸ்டுகளை விரிவாக ஆராய்ந்த பெஸ்ட்டின் 1969ஆம் ஆண்டு நூலோ, இப்போர்முறை இஃபிகிராட்டீஸுக்கு முன்பே கிரேக்கத்தில் வேரூன்றியிருந்ததை வலியுறுத்துகிறது. ஏட்டோலியாவையும் ஸ்பாக்டீரியாவையும் பார்த்த நமக்கு இக்கருத்தே பொருத்தமாகத் தோன்றுகிறது. இஃபிகிராட்டீஸின் உண்மையான பங்களிப்பு ஆயுதப் பட்டியலில் இல்லை. கலைந்து கலைந்து கூலிக்கு வந்தவர்களை ஆண்டுக்கணக்கில் ஒன்றாக வைத்து, ஓடவும் திரும்பவும் ஒரே ஆணைக்குக் கட்டுப்படவும் பழக்கியதில் இருக்கிறது.

ஒருவர் பெயரில் அனைத்தையும் ஏற்றும் வழக்கத்தைக் கிரேக்கரே கண்டித்திருக்கின்றனர். கி.மு. 352இல் சொற்பொழிவாளர் டெமாஸ்தெனீஸ் (மேலே கூறிய தளபதியின் பெயர் கொண்ட வேறொருவர்) ஒரு வழக்குரையில் இதைக் குறிப்பிடுகிறார். சலாமிஸ் வெற்றியை முன்னோர் ஏதென்ஸாரின் வெற்றி என்றனரேயன்றி தெமிஸ்டோக்ளீஸின் வெற்றி என்று கூறவில்லை. இக்காலத்தவரோ ஸ்பார்ட்ட மோராவை அழித்தது இஃபிகிராட்டீஸ் என்கின்றனர் என்பது அவர் குறை. நிகழ்ச்சி நடந்து நாற்பது ஆண்டுகளுக்குள்ளாகவே பெல்டாஸ்டுகள் மறைந்து தளபதி மட்டும் எஞ்சிவிட்டார். வரிசைக்கு வெளியே நின்றவர்களை முதலில் மௌனம் மறைத்தது. பிறகு ஒரு தனிமனிதரின் புகழ் மறைத்தது.

மறுபக்கம்

இலேசாயுதத்தாரை உயர்த்திப் பிடிக்கும் ஆர்வத்தில் மறுபக்கத்தை மறைப்பது நியாயமாகாது. லெக்கையத்தில் ஸ்பார்ட்டரின் வரிசையைத் தளர்த்தியது ஈட்டி. முறித்ததோ ஹாப்லைட்டுகளின் நெருக்கம். கி.மு. 381இல் ஒலிந்தஸ் நகருக்கு அருகே ஸ்பார்ட்டத் தளபதி டெலூடியாஸின் பெல்டாஸ்டுகள் எதிரிக் குதிரைப்படையைத் துரத்தி ஆற்றைக் கடந்தபோது, குதிரைகள் திரும்பின. அவர்களின் தலைவனும் நூற்றுக்கும் மேற்பட்டோரும் மாண்டனர். அச்சினத்தில் விரைந்த டெலூடியாஸும் உயிரிழந்தான்.

இதைவிட வேதனையானது கி.மு. 413இல் நடந்தது. சிசிலிப் படையெடுப்புக்குக் காலம் தாழ்ந்து வந்த 1,300 திரேஸிய பெல்டாஸ்டுகளை, நாளொன்றுக்கு ஒரு திராக்மா கூலி கட்டுபடியாகாது என்று ஏதென்ஸ் திருப்பி அனுப்பியது. போகும் வழியில் எதிரிக்கு இயன்ற சேதம் விளைவிக்கச் சொல்லி ஓர் ஏதென்ஸ் தளபதியையும் உடன் அனுப்பியது. அவர்கள் மைக்கலெஸஸ் என்னும் சிற்றூரில் விடியற்காலையில் புகுந்து முதியோர், பெண்கள், கால்நடை என்று பாராமல் கொன்றனர். பள்ளிக்கூடம் ஒன்றில் அப்போதுதான் வந்திருந்த சிறுவர் அனைவரையும் வெட்டினர். தூசிடிடீஸ் இதைத் திரேஸியரின் இனக் கொடுமையாக எழுதுகிறார். கூலி கொடுத்து, வழி காட்டி, தளபதியையும் தந்த ஏதென்ஸின் பொறுப்பு அவருடைய தீர்ப்பில் இடம்பெறவில்லை. திறமையை விலைக்கு வாங்குவோர் அதன் விளைவை விற்றவர் மீது சுமத்துவது அன்றே தொடங்கிவிட்டது.

இப்னு கல்தூனின் அளவுகோல்

இவ்விடத்தில், ஏறத்தாழ ஆறரை நூற்றாண்டுகளுக்கு முன் இதே வினாவை எடுத்துக்கொண்ட ஓர் அறிஞரை நினைவுகூர வேண்டும். 1377இல் எழுதப்பட்ட 'முகத்திமா'வில் இப்னு கல்தூன் போரை இரு வகையாகப் பிரிக்கிறார்: அணிவகுத்து முன்னேறும் 'ஸஹ்ஃபு', தாக்கி விலகி மீண்டும் தாக்கும் 'கர்ர் வ ஃபர்ர்'. முன்னதை அஜமிகளுக்கும் பின்னதை அரபு, பர்பர் மக்களுக்கும் உரியதாக அவர் தொடங்கும்போது, கீகனின் பிரிவினையையே கேட்கிறோமோ என்று தோன்றும். அணிப்போரே உறுதியானது என்றும் அவர் கூறுகிறார்.

ஆனால் அவர் அங்கே நின்றுவிடவில்லை. கர்ர் வ ஃபர்ர் மட்டுமே அறிந்த அரபுகள் இஸ்லாத்தின் தொடக்க காலத்தில் அணிவகுத்தே போரிட்டனர் என்கிறார். எதிரிகள் அவ்வாறு போரிட்டமையும், உயிர் கொடுக்கத் துணிந்த உறுதியுமே அதற்குக் காரணங்கள் என்கிறார். தம் காலத்து மக்ரிப் மன்னர்கள், தாக்கி விலகும் தங்கள் படைக்குப் பின்னரணாக, அணியில் உறுதியாக நிற்கப் பழகிய ஐரோப்பியக் கிறிஸ்தவ வீரர்களைக் கூலிக்கு அமர்த்தியதையும் காரணத்துடன் பதிவு செய்கிறார். ஏதென்ஸ் தாக்கி விலகுவோரைத் திரேஸிலிருந்து வாங்கியது. மக்ரிப் நிலைத்து நிற்போரை ஐரோப்பாவிலிருந்து வாங்கியது. இரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்தால், போர்முறை ஓர் இனத்தின் இரத்தத்தில் ஊறியது என்ற எண்ணம் கலைந்துபோகும். அது பழக்கத்தாலும் வாழ்நிலையாலும் தேவையாலும் உருவாவது, கற்கப்படுவது, விற்கப்படுவதும்கூட.

ஹான்சனுக்கு நாம் செய்ய வேண்டிய நியாயம் ஒன்றுண்டு. அவர் ஓர் உழவர் குடும்பத்தினர். ஒலிவ மரத்தையும் திராட்சைக் கொடியையும் படைகள் அழிப்பது எவ்வளவு கடினம் என்பதைத் தம் அனுபவத்தின் துணைகொண்டு 1983இல் விளக்கியவர். சாதாரண வீரனின் கண்வழியே போரைக் காண வைத்தது அவருடைய சாதனை. கி.மு. 431க்குப்பின் நிலைமை மாறியதையும் அவர் மறுக்கவில்லை. அதற்கு முந்திய காலத்தையே தூய ஹாப்லைட் காலமாகக் கொள்கிறார். ஆனால் அந்தத் தூய காலத்துக்குச் சான்றுகள் மிகக் குறைவு. இருப்பவையும் ஹாப்லைட் வகுப்பாரின் குரலே. கி.மு. ஏழாம் நூற்றாண்டு ஸ்பார்ட்டக் கவிஞர் டிர்டீயஸின் பாடலிலேயே கேடயங்களின் மறைவில் பதுங்கிக் கல்லெறியும் இலேசாயுதத்தார் இடம்பெறுகின்றனர். பிளாட்டீயாவின் 69,500 பேரும் அக்காலத்தவரே. 2004இல் வெளிவந்த கிரேக்கப் போர் பற்றிய நூலில் ஹான்ஸ் வான் வீஸ் இத்தகைய சான்றுகளைக் கொண்டே பழைய சித்திரத்தை மறுத்தார்.

ஹாப்லைட் தன்னைப் பற்றிக் கொண்டிருந்த பெருமையை ஹான்சன் களத்தின் நடப்பாகவே எடுத்துக்கொண்டார். கீகன் அப்பெருமையை ஒரு நாகரிகத்தின் இயல்பாக்கினார். முதற்படியில் நேர்ந்த சிறு வழுக்கல் இரண்டாம் படியில் இனத்தீர்ப்பாயிற்று. ஏட்டோலிய மலையில் பதுங்கித் தாக்கியவன் கிரேக்கன்; ஸ்பாக்டீரியாவில் முதுகில் அம்பெய்தவனும் கிரேக்கன்; லெக்கையத்தின் வெற்றியைக் கொண்டாடியது ஏதென்ஸ். இவர்களை 'மேற்கு' என்ற சொல்லுக்குள் சேர்ப்பதா, வெளியே நிறுத்துவதா என்பதை அச்சொல்லை ஆள்வோர் முடிவு செய்து கொள்ளட்டும்.

நமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. நமது வரலாறுகளிலும் தளபதிகளின் பெயர்கள் நிறைந்திருக்கின்றன. படையின் ஓரத்தில் நடந்தவர்களும் சுமை தூக்கியவர்களும் கூலிக்கு வந்தவர்களும் எத்தனை பேர், எங்கே மாண்டனர் என்ற குறிப்பு அரிது. பிறர் நூல்களில் நாம் தேடிய மௌனங்களை நம் நூல்களிலும் அதே கண்டிப்புடன் தேட வேண்டும். அப்போதுதான் நமது விமரிசனத்துக்கு நீதி என்ற பெயர் பொருந்தும்.